புறமுதுகு காட்டிய வீராங்கனை

போரில் புறமுதுகு காட்டுவது இழுக்கு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மார்பில் காயம் பட்டவனுக்குப் பாட்டு. முதுகில் பட்டவனுக்கு வசை. அப்படியிருக்க, நாள் ஒன்றுக்கு இருநூறு பேருக்குக் குறையாமல் முதுகைக் காட்டி, அதனாலேயே பெரும்புகழ் அடைந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை எழுதத் துணிவது லேசான காரியமல்ல. ஆனால் அவர் வேலை பார்க்கும் கடையில் சூப் வாங்கும் மற்றவர்கள் எழுதுவதாகத் தெரியவில்லை. அவர்கள் சூப்பைக் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அவரை எல்லோரும் மூடியக்கா என்போம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் இருக்கிறது அந்தப் பார்சல் சாப்பாட்டுக் கடை. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. காத்திருப்பவர்களுக்காக நான்கு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று உண்டு. அதில் மூன்று பேர் உட்காரலாம். கவுண்ட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓர் அலமாரி, அதில் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று டப்பா மூடிகள். பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சமையல்காரர். அவருக்கும் பின்னால், ஆவிக்குள், பாத்திரம் கழுவும் அம்மா. கவுண்ட்டரின் மூலையில் ஒரு காலி காப்பித்தூள் பாட்டில் இருந்தது. சாப்பாடு வாங்குபவர்கள் மனமிருந்தால் அதில் ஏதாவது போடலாம். விழுவது மூவருக்கும் பொது.

இருபத்தோரு வருடங்களாக மூடியக்கா செய்துவரும் வேலையை ஒரு வரியில் சொல்லலாம்: டப்பாவை மூடுவார், பையில் வைப்பார், முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சைப் பற்றி மட்டும் தனி நூல் எழுதலாம். பையைத் தலைகீழாகப் பிடித்து நடந்தாலும் அவிழாது. வீட்டில் போய் ஒரு காதை இழுத்தால் பூ மாதிரி விரியும். கணவர் பஸ் ஓட்டுகிறவர். குண்டும் குழியுமான சாலையில் சூப் பை ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று அவரே சான்று வழங்கியிருக்கிறார். கணவன் கொடுத்த சான்று செல்லுமா என்று சிலர் கேட்கலாம். மனைவியைப் பாராட்டி அவர் கொடுத்த ஒரே சான்று அதுதான் என்பதால் செல்லும்.

ஆனால் புகழ் முடிச்சால் வந்ததல்ல, முதுகால் வந்தது. பையைக் கவுண்ட்டரில் வைத்து விலையைச் சொன்ன மறுகணம் அவர் திரும்பிக்கொள்வார். அலமாரியைப் பார்த்து நின்று மூடிகளைச் சரி செய்வார். மூடிகள் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கும். வாங்குபவர் பாட்டிலில் போட்டாரா, எவ்வளவு போட்டார், போடுவது போல் கையைக் கொண்டுபோய்விட்டுத் தலையைச் சொறிந்தாரா, எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள், கையெல்லாம் சுண்ணாம்பு படிந்த ஒருவர் சூப் வாங்கினார். அந்த நேரம் மூடியக்காவின் கண் தற்செயலாகப் பாட்டில் பக்கம் போயிற்று. அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார். காதுமடல் சிவக்க, கையில் மிச்சமிருந்த சில்லறையை அதில் போட்டுவிட்டு வெளியே போனார். அன்று மாலை வீட்டுக்கு வந்த கணவர், தன் பஸ் போகும் வழியில் சுண்ணாம்புக் கையில் சூப் பையோடு ஒருத்தர் மழையில் நடந்துபோனதைச் சொன்னார். அடுத்த டிரிப்பில் பார்த்தபோதும் மூன்று நிறுத்தம் தாண்டி நடந்துகொண்டிருந்தாராம். ஹாரன் அடித்தும் ஏறவில்லையாம். மறுநாள் முதல் மூடியக்கா திரும்பி நிற்க ஆரம்பித்தார்.

இருபது வருடம் எல்லாம் சுகமாகப் போயிற்று. போன வருடம் முதலாளிக்கு ஒரு மெஷின் வந்தது.

கார்டைத் தட்டினால் பணம் போகும் மெஷின். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தட்டுவதற்கு முன்பு அது ஒரு கேள்வி கேட்கும்: ஊழியருக்கு அன்பளிப்பு எவ்வளவு? கீழே பதினைந்து சதவீதம், இருபது, இருபத்தைந்து என்று மூன்று பச்சைக் கட்டங்கள். அதற்கும் கீழே, எறும்புக்குப் பாடம் எழுதியது போன்ற எழுத்தில், ‘வேண்டாம்’.

ஒரு சூப் டப்பாவைத் தானே வந்து, தானே நின்று, தானே தூக்கிக்கொண்டு போகிற மனிதனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டால் அவன் என்ன செய்வான்? எங்கள் வரிசை பல வழிகளைக் கண்டுபிடித்தது. ஒருவர் அந்த நேரம் பார்த்து, அடிக்காத போனை எடுத்து “சொல்லுங்க சார்” என்பார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அறிவிப்பார், மூக்கின் மேல் கண்ணாடி இருக்க. பின்னால் தங்கள் அலுவலகத்துப் பெண்கள் நிற்கும் நாட்களில் மட்டும் இருபத்தைந்தை அழுத்தும் வள்ளல்களும் உண்டு. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கூரையைப் பார்ப்பதாகப் பாவனை செய்து திரையைப் பார்ப்பார்கள்.

முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்ப வேண்டும், அவர் கண்ணைப் பார்க்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் பச்சைக் கட்டத்தில் விரல் விழும் என்று மெஷின் விற்றவன் சொல்லியிருக்கிறான். மூடியக்கா முதல் பாதிக்கு முழுதாகக் கட்டுப்பட்டார். திரையைத் திருப்பினார். பிறகு தானும் திரும்பிக்கொண்டார்.

முதலாளி லேசானவரில்லை. கடை பெரிசாகத் தெரியட்டும் என்று சொல்லி, அலமாரிக்கு நடுவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். திரும்பினாலும் வாடிக்கையாளர் முகம் தெரியுமே. இரண்டே நாளில் அந்தக் கண்ணாடி முழுக்கப் பெரிய மூடிகளின் அடுக்குக்குப் பின்னால் மறைந்தது. இடமில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. சமையல்காரர் மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டார்: “ஏக்கா, நீ பாட்டுக்குத் திரும்பி நின்னுக்கிற. அதுல எங்க பங்கும் இருக்குல்ல?”

“பாத்து வாங்கின காசுல உனக்குச் சோறு இறங்குமா தம்பி?” என்றார் மூடியக்கா.

இறங்கும் என்றுதான் சமையல்காரர் நினைத்தார். ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தோதாக இல்லை; அடுப்பில் எதையோ கிளறப் போய்விட்டார். மாத முடிவில் மெஷின் மொத்தமாகத்தான் ஒரு தொகை காட்டியது. யார் கொடுத்தது என்று அதற்கும் தெரியாது. தொகை குறையவில்லை என்பதில் முதலாளிக்கு லேசான வருத்தம்கூட இருந்தது.

இப்படி வெற்றிமேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்வில் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. மகள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். பக்கத்து மேஜையில் அதே வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பிள்ளைகளின் போனில் படமாகத்தான் பார்த்திருந்தார்கள்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. கணக்கு டீச்சருக்கு இந்தப் பழமொழி தெரியும். விடையைச் சரிபார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகும் பழக்கமும் அவருக்கு இல்லை. புதன்கிழமை மதியம், கூட்ட நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் வந்து வரிசையில் நின்றார்.

மூக்குக்கண்ணாடியில் தொங்கிய சங்கிலியைப் பார்த்ததுமே மூடியக்காவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லாமல் வந்தவரைச் சொல்லிக் காட்டுவது மரியாதையா? மற்றவர்களைப் போலவே “என்னம்மா வேணும்?” என்றார். சூப்பும் சோறும் கட்டினார். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த முடிச்சைப் போட்டார். திரையைத் திருப்பினார். திரும்பிக்கொண்டார்.

டீச்சர் திரையைப் பார்த்தார். அசையவில்லை. பின்னால் ஏழு பேர் கூரையைப் பார்த்தார்கள். டீச்சர் வாயைத் திறந்தார், எதிரே முதுகு, மூடினார். கொஞ்ச நேரத்தில் மெஷின் பொறுமையிழந்து கீச்சென்று கத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தது. டீச்சர் விலையை மட்டும் நோட்டும் சில்லறையுமாகக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பையன் மகளுக்குப் போன் செய்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமை வரவில்லையாம். பெண்ணின் அம்மா தன்னை அடையாளம் தெரிந்தும், நாலு பேர் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஒரு வார்த்தை கேட்கலாமென்று நின்றால், நின்ற வரைக்கும் திரும்பவே இல்லையாம்.

மகள் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். ஒரே கையை நான்காவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் இரண்டு யோசனைகள் சொன்னார். ஒன்று, போன் போட்டு விளக்குவது. “என்னன்னு விளக்குறது?” என்றார் மூடியக்கா. “கொடுக்காதவங்க கூச்சப்படக் கூடாதுன்னு திரும்பிக்குவேன்னா? நீங்க கொடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்னு ஆகாதா?” இது நியாயமாக இருந்ததால் கணவர் இரண்டாவது யோசனைக்குப் போனார்: இனிமேல் அந்த அம்மா வந்தால் மட்டும் திரும்பாமல் நிற்பது.

“ஒருத்தருக்காகத் திரும்பாம நின்னா, இத்தனை வருஷம் மத்தவங்களுக்குத் திரும்பினதெல்லாம் வேஷம்னு ஆயிடும்ங்க.” மூடியக்காவின் குரல் அதற்குப் பிறகுதான் உடைந்தது. “ஆனா எம்பொண்ணு...”

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எனக்காக நீ ஒண்ணும் மாத்திக்க வேணாம்மா. எப்பவும் போல திரும்பியே நில்லு.”

சொன்னதோடு நின்றிருந்தால் அவள் அந்தத் தாயின் மகளாகியிருக்க மாட்டாள். அறைக்குள் போய்ப் பையனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: உங்கம்மாவை வெள்ளிக்கிழமை மதியம் அந்த பெஞ்சுல அரை மணி நேரம் உக்காரச் சொல்லு. எதுவும் விளக்காதே.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். பெஞ்சில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்தார். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் வந்தார், முதுகு. தலையில் சிமெண்ட் தூசியோடு ஒருவர் வந்தார், முதுகு. முதலாளியின் மைத்துனர் வந்தார். அவருக்கும் அதே முதுகு, ஒரு விரற்கடை கூடவோ குறைவோ இல்லை. டீச்சர் நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். அரை மணியில் முப்பத்தெட்டு பேர், முப்பத்தெட்டு முதுகு. கூட்டிப் பார்த்தார். விடை சரியாக இருந்தது.

பிறகு எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் மேலும் ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.

“ஒரு சூப்பு” என்றார், முறை வந்ததும்.

மூடியக்கா டப்பாவை மூடினார். முடிச்சுப் போட்டார். எத்தனையோ லட்சம் முடிச்சுப் போட்ட விரல்கள் அன்று ஒரு முறை நழுவி, மறுபடி போட்டன. ஜன்னலில் சமையல்காரர் கரண்டியோடு நின்றுவிட்டார். திரையைத் திருப்பிய கை அதன் மேலேயே ஒரு நொடி கிடந்தது. இந்தப் பக்கம் நிற்பதா, அந்தப் பக்கம் திரும்புவதா என்று இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை.

திரும்பிக்கொண்டார்.

டீச்சர் திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “இந்த மெஷின் வரியையும் சேர்த்து சதவீதம் போடுது. சாப்பாட்டு விலைக்குத்தானே போடணும்? இது தப்புக் கணக்கு. அன்னைக்கு அதைக் கேக்கத்தான் நின்னேன்.”

“மொதலாளிகிட்ட சொல்றேங்க” என்று மூடிகளிடம் சொன்னார் மூடியக்கா. பாதி திரும்பிவிட்டார்.

“திரும்பாதீங்க சம்பந்தி. நான் இன்னும் அமுக்கலை.”

சமையல்காரரின் கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சொல் கடையின் எட்டடி அகலத்தையும் நிறைத்தது. வரிசையில் டீச்சருக்கு அடுத்தபடி நின்றவர், அடிக்காத போனில் பேசும் அதே மனிதர், என்ன தோன்றியதோ, மெதுவாகத் தெருப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கு அடுத்தவரும் திரும்பினார். அடுத்தடுத்து ஒன்பது பேரும் திரும்பினோம். சமையல்காரர் கரண்டி எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். திரும்பியபடியே ஓரக்கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: டீச்சர் எதை அழுத்தினார் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மெஷின் ஒரு முறை மணியடித்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிந்தது. மெஷின் கம்பெனியிலிருந்து வந்த ஆளை டீச்சர் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். இப்போது அது வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

எங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைப் பழக்கம் விடவில்லை. முன்னால் நிற்பவர் திரைக்கு வந்ததும் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் தெருவைப் பார்த்துத் திரும்பிவிடுகிறோம்; யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, புதிதாக வருபவர் தானாகவே கற்றுக்கொள்கிறார். அந்த வழியாகப் போகிறவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் கவுண்ட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பதைப் பார்த்து, கடை மூடிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை, உள்ளே ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்கிறோம்.