கப்பலிலிருந்து குதித்தவர்கள்

சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த மாமா, அம்மாவின் தம்பி, எனக்கென்று கொண்டுவந்தது உள்ளங்கையளவில் ஒரு விளையாட்டுப் பெட்டி. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஒழுங்கையில் அப்படியொன்றை அதுவரை யாரும் கண்டதில்லை. மின்சாரம் தேவையில்லை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி போதும்.

கப்பல் ஒன்று தீப்பிடித்து நிற்கும். அதிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் குதிப்பார்கள். கீழே நிற்கும் வள்ளத்தைப் பொத்தான்களால் இடமும் வலமும் நகர்த்தி அவர்களைப் பிடிக்க வேண்டும். தவறினால் சுறா வரும். மூன்று பேர் போனால் ஆட்டம் முடிந்தது. எனக்கு அன்றிலிருந்து சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் மாலை, அப்பா கடல் தொழிலுக்குப் போன கையோடு, அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஒருவர் விழுந்தார். சுறா வந்தது. நான் சிரித்தேன்.

"எடியே, மனுசர் கடலுக்கை விழுகினம், நீ பல்லைக் காட்டிறாய்! கொப்பர் இப்பதானே வள்ளம் தள்ளினவர்!"

பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது. வள்ளம் கடலில் நிற்கும்போது அதைத் தொடக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். அப்பா, வள்ளத்தில் கூட வரும் இரண்டு பொடியன்களோடு, பின்னேரம் போய்க் காலையில் கரை சேருவார். அப்போது நான் பள்ளிக்கூடம் போக வேண்டும்; சனிக்கிழமையும் வகுப்பு; திரும்பி வரும்போது வள்ளம் மறுபடி கடலில் நிற்கும். கணக்குப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான். அன்றைக்கு எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. நான் மாமாவிடம் போய் அழுதேன். அவர் தன் அக்காவுக்குப் பயந்து, கையில் ஒரு இனிப்பைத் தந்து அனுப்பிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். "எனக்கே வள்ளம் ஓட்டப் பழக்கிறியளோ?" என்றவர், கண்மூடித் திறப்பதற்குள் மூன்று பேரையும் சுறாவுக்குக் கொடுத்துவிட்டார். ஆள் விழும் இடத்துக்குப் போகாமல், ஒவ்வொரு தரமும் வள்ளத்தைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"விழுற ஆளை நீரோட்டம் இழுக்குமெல்லே? அதுதான் முந்திப் போய் நிண்டனான்."

"அப்பா, இந்தக் கடலிலை நீரோட்டம் இல்லை!"

"நீரோட்டம் இல்லாத கடலோ? எந்த மடையன் செய்தவன்?"

அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களை நம்பியோ அந்தப் பொடியளும் கடலுக்கு வருகினம்?"

அந்தச் சிரிப்பு அம்மாவுக்கு இரண்டு நாள்தான் தாங்கியது. புதன்கிழமை விடியக் காற்று அடித்தது. மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. அப்பாவுடையதைக் காணவில்லை. மாமா கரைக்கு ஓடினார். அம்மா செபமாலை சொன்னார், முடித்தார், திரும்பவும் சொன்னார். பள்ளிக்கூடம் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு அம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். பெட்டியை உடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எந்தப் பொத்தான் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

காட்டினேன். அடுப்பு எரியாத குசினியின் வாசலில் குந்தியிருந்து விளையாடத் தொடங்கினார். வேகம் கூடியது. ஒருவரையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு ஆள் வள்ளத்தில் விழும்போதும் "மாதாவே" என்றார். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. மூச்சுவிடவும் எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு படலை திறந்தது. தலை முதல் கால்வரை நனைந்து, தோளில் வலையோடு அப்பா நின்றார். இயந்திரம் பழுதாகி, துடுப்பு வலித்தே வந்திருக்கிறார்கள். பொடியன்கள் இருவரும் பின்னால் நின்றார்கள். நான் கத்திக்கொண்டு ஓடிப்போய் அப்பாவின் இடுப்பை ஈரச் சாரத்தோடு கட்டிப்பிடித்தேன்.

"என்னப்பா, ஒரு தேத்தண்ணி கிடைக்காதோ?" என்று அம்மாவிடம் கேட்டார் அப்பா.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தால் கண்ணீர் ஓடியது. உடனே திரும்பவும் பெட்டிக்குள் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் ரெண்டு பேர் கப்பலிலை நிக்கினம்."