நாற்பத்தேழாம் எலியின் மஞ்சள்

என் தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆனாலும் எனக்கு அவள் சின்னவள்தான். இரண்டு பேருக்கும் ஒரே பரிசோதனைக்கூடத்தில் வேலை. நான் கண்ணாடிக் குப்பி கழுவுகிறவள், அவள் எலி அறையைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை குட்டி இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "எனக்கு முந்நூறு பிள்ளைங்க. எல்லாத்துக்கும் வால் உண்டு" என்பாள்.

அந்த முந்நூறில் நாற்பத்தேழாம் எலி தனி ரகம். ஒரு காது கிழிந்திருக்கும். சின்னவளின் காலடிச் சத்தம் கேட்டால் பின்னங்காலில் எழுந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வேறு யார் போனாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

மனுஷ ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. வயிற்றுச் சிசுவுக்கு நிறைய இருக்கும், வளர்ந்தவர்களுக்கு இல்லை என்றே சொல்லலாம். ஈரலில் கெட்ட கட்டி முளைத்தால் மறுபடி தலைகாட்டும். அதை நாற்பத்தேழுக்கு ஊசியில் ஏற்றினார்கள். எலியின் உடம்பு அதை எதிரி என்று கண்டுகொண்டது. பிறகு எலியைக் கொன்று, மண்ணீரலின் உயிரணுக்களைச் சாகாத புற்று அணுக்களோடு சேர்த்தார்கள். கழுத்தைத் திருப்பிக் கொடுத்தவள் சின்னவள்தான். அது அவள் வேலை. அன்றைக்கும் அது அவளைக் கண்டு எழுந்து நின்றதாம். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எலி போய்ப் பதினெட்டு வருடம். அதன் அணுக்கள் இன்னும் சாகவில்லை. வெள்ளைப் புகை கக்கும் குளிர் உருளைக்குள் உறங்குகின்றன. எடுத்துச் சூடாக்கித் தீனி ஊற்றினால் விழித்துப் பெருகி, ஆன்டிபாடி என்கிற சாற்றைச் சுரக்கும். குழித்தட்டில் ரத்தத்தோடு அதைச் சேர்த்தால், புரதம் இருக்கிற குழி மஞ்சளாகும். இல்லாத குழி தண்ணீராய் நிற்கும்.

'ஒன்றுமில்லை' என்று காட்டவும் தட்டுக்கு ஒரு ரத்தம் வேண்டுமே. அதற்கு வேலைக்காரர்களில் ஒருத்தர் கையை நீட்டுவது எங்கள் கூடத்து வழக்கம். முதல் நாளிலிருந்து நீட்டியவள் சின்னவள். தட்டின் கடைசி வரிசை அவளுடையது. பதினெட்டு வருடமும் அது தண்ணீர்தான்.

ஒரு மத்தியானம் அந்த வரிசை லேசாக மஞ்சளித்தது.

கூடத்தை நடத்துகிற மேடம் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஆன்டிபாடி கெட்டுப்போச்சு. கொட்டிட்டுப் புதுசு எடுங்க."

புதிதிலும் மஞ்சள், முன்னைவிட அழுத்தமாக. அடுத்து என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க குப்பியில சோப்பு ஒட்டியிருக்கும்மா."

"என் குப்பியில முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம், வந்து பாருங்க" என்றேன்.

தட்டு போடுகிற பெண் சின்னவளின் இடுப்பில் இடித்தாள். "என்னக்கா, ஏதாவது விசேஷமா? புள்ள உண்டானாலும் மஞ்சளாகும்ல?" எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு அந்தப் பேச்சு போய்விட்டது. கடைசி வரிசை என்றால் ஒன்றுமில்லை என்று பழகிப்போன கண்கள் அவை.

சின்னவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, அது எழுந்து நிக்குது."

"எதுடி?"

"நாப்பத்தேழு. முதல்ல தண்ணியாத்தான் இருக்கு. நான் கிட்டப் போய்க் குனிஞ்சா மெல்ல மெல்ல மஞ்சளேறுது. என் காலடி கேட்ட மாதிரி."

"கண்டதையும் பேசாதே."

"கழுத்தத் திருப்புன கைய அது மறக்குமாக்கா?"

அவளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அவள் முகம் எப்போது இப்படி ஒட்டிப்போனது? சோறு பாதியில் நின்று எத்தனை நாளாயிற்று?

ஆறு வாரத்தில் ஐந்து தடவை கொட்டினார்கள். கடைசியில், உருளையில் இருக்கிற நாற்பத்தேழு முழுவதையும் அழித்துவிடச் சொல்லிவிட்டார் மேடம். ஈரக்கையோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"போன வருஷம் எடுத்த இவ ரத்தம் உறைபெட்டியில இருக்குல்ல? அதையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"எழுத்துத்தான் தெரியாது. மஞ்சள் தெரியும். வச்சுப் பாக்குற வரைக்கும் ஒரு குப்பி கழுவ மாட்டேன்."

மறுநாள் கழுவாத குப்பி மலையாய்க் குவிந்தது. வேறு வழியில்லாமல் வைத்தார்கள்.

பழைய ரத்தம் தண்ணீராகவே நின்றது. புதியது சாமந்திப்பூவாய் மஞ்சளித்தது.

உருளை உஸ்ஸென்று மூச்சு விட்டது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆறு வாரமா எலியைத் திட்டிக்கிட்டு இருந்தோமே" என்றார். தட்டு போடுகிற பெண் அழத் தொடங்கினாள்.

ஸ்கேன் எடுத்ததில் சின்னவளின் ஈரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வெட்டி எடுத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கத்தி வைக்க இடமிருந்திருக்காது என்றார் டாக்டர். கொன்ற கைக்கு எலி காட்டிய நன்றி என்று நான் சொல்கிறேன். சின்னவள் ஒப்புக்கொள்வதில்லை. "அது காத்துக்கிட்டு இருக்குக்கா" என்கிறாள்.

'ஒன்றுமில்லை' வரிசைக்கு இப்போது வேறொருத்தி கை நீட்டுகிறாள். சின்னவளின் ரத்தமும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நாற்பத்தேழின் தட்டுக்குப் போகிறது, கட்டி திரும்பிவிட்டதா என்று பார்க்க. நேற்றும் போனது. வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தும் அவள் உட்காரவில்லை. உள்ளேயிருந்து காலடிச் சத்தம் கேட்டதும் குதிகாலை உயர்த்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பார்த்து நின்றாள்.

இந்தத் தடவை தண்ணீர்.