முடியாத நன்றியுரை

பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் அவளுக்குப் பெயரே 'நன்றியுரை'தான். ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. சங்கத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசியில் நன்றி சொல்வது அவள்தான். யார் கொடுத்த பொறுப்போ, யாருக்கும் தெரியாது. அதைப் பிடுங்கும் தைரியமும் எவருக்கும் இல்லை. தலைவரில் தொடங்குவாள். நாற்காலி போட்டவர், மைக்செட்காரர், அவருக்கு ஏணி பிடித்தவர் என்று அது பாட்டுக்குப் போகும். ஒருவழியாக "இறுதியாக..." என்று அவள் சொல்லும்போது எதிரே காலி நாற்காலிகள்தான் இருக்கும். காவலாளி விளக்கை அணைத்துவிடுவார். மனுஷி அதற்கெல்லாம் அசருகிறவளா? மீதியை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

கூட்டங்கள் நடக்கும் அந்தச் சங்கக் கூடத்தைக் கட்டும்போது லீவு நாட்களில் செங்கல் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. புகுந்த வீட்டில் வாயே திறக்காத மருமகள் முதன்முதலில் வாயைத் திறந்தது அந்தக் கூடத்து மைக்கில்தான். அந்தக் கூடத்தைத்தான் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போவதாக உத்தரவு போட்டது. சேதி கேட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கத்து வக்கீல் தடை உத்தரவு வாங்க நீதிமன்றத்துக்கு ஓடினார். "நான் வர்ற வரைக்கும் சீல் மட்டும் வைக்க விட்டுடாதீங்க. ஒரு தடவ பூட்டிட்டா, திறக்கறதுக்குள்ள நம்ம பேரப்பிள்ளைங்களுக்கு நரைச்சிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவசரக் கூட்டம் கூடியது. ஆளாளுக்கு மேடையேறிக் கத்தினார்கள். கோபம் இருந்த அளவுக்குச் சரக்கு இல்லை, சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பூட்டு, அரக்கு, மெழுகுவத்தி, போலீஸ் சகிதம் அதிகாரி வந்து நின்றார். பாவம், நல்ல மனுஷர்.

"கூட்டம் நடக்கும்போது நான் எதுவும் செய்யல. முடியட்டும். இன்னும் என்ன பாக்கி?"

"நன்றியுரை மட்டும்தாங்க" என்றார் தலைவர், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

"அவ்வளவுதானே! முடிங்க, முடிங்க."

கூடமே உதட்டைக் கடித்துக்கொண்டது. சிரித்தால் காரியம் கெட்டுவிடுமே!

அவள் மைக்கைப் பிடித்தாள். ஆலையின் ஒவ்வொரு பிரிவாக நன்றி சொன்னாள். அஸ்திவாரம் தோண்டியவர்கள், மணல் கொட்டிய வண்டிக்காரர், வண்டிக்கு வழிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் என ஒருவரையும் விடவில்லை. அதிகாரி மெல்ல எழுந்தார்.

"பூட்டக் கையில வச்சுக்கிட்டும் பொறுமையா இருக்கற அதிகாரி ஐயாவுக்கு நன்றி! ஐயாவ இவ்வளவு பொறுமையா வளர்த்த அவங்க அம்மாவுக்கு நன்றி!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பெற்ற தாய்க்கு நன்றி சொல்லும்போது எந்த மகன் எழுந்து நிற்பான்? உட்கார்ந்துவிட்டார். அடுத்து அவருடைய டிரைவர், போலீஸ்காரர்கள், அந்தப் பூட்டைச் செய்த முகம் தெரியாத தொழிலாளி. அரக்கு உருக்க ஏற்றிய மெழுகுவத்தி கரைந்து அணைந்தே போனது.

தொண்டை கம்மியது. வீட்டுக்கு வராதவளைத் தேடி வந்திருந்த, அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் மூத்த நாத்தனார், கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

வக்கீல் மூச்சிரைக்க ஓடிவந்தார். தடை உத்தரவைப் படித்துப் பார்த்த அதிகாரி பூட்டைப் பைக்குள் போட்டார். அவர் முகத்திலும் நிம்மதிதான். கூடமே துள்ளி எழுந்தது.

"போதும்க்கா, ஜெயிச்சிட்டோம்!"

"உக்காருங்க எல்லாரும்! நான் இன்னும் முடிக்கல."

உட்கார்ந்தார்கள். அதிகாரியும்தான்.

"இறுதியாக... நான் கூட்டம் கூட்டம்னு ஓடி வந்தப்பல்லாம் என் பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டித் தூங்க வச்சு, 'எங்கடா போயிட்டா உன் பொண்டாட்டி'ன்னு கேட்டவங்க வாய அடைச்சு, என்னை இங்க அனுப்பி வச்ச என் அண்ணிக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. அவ்வளவு பேசியவளுக்கு அந்த ஒரு 'நன்றி' மட்டும் பாக்கி நின்றுவிட்டது.

நாத்தனார் காலி டம்ளரோடு நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள்: "ஏண்டி, இத்தன வருஷத்துல இத வீட்ல ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?"

"வீட்ல மைக் இல்லையே அண்ணி!"