ஓடு பிரித்த கடை

கூரையில் ஓடு இல்லாத கடைக்குள் மழை பெய்ததை நான் பார்த்திருக்கிறேன். மரச் சட்டங்கள் மட்டும் விலா எலும்புகளைப்போல நிற்க, கீழே அரிசி மூட்டைகளும் பருப்பு மூட்டைகளும் வாய் திறந்தபடி நனைந்துகொண்டிருந்தன. பிரித்தெடுத்த ஓடுகள் சாலையோரத்துப் பனைமரத்தடியில் ஒன்றுகூட உடையாமல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அப்படி அடுக்கச் சொன்னவர் என் பெரியப்பா. அடுத்தவன் பிழைப்பைக் கலைக்கும்போதும் தன் ஓடு உடைந்துவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அவரைப் பற்றி எழுதுவதானால் நல்லதாக நாலு வார்த்தை சேர்த்து எழுது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். தேடிப் பார்த்துவிட்டேன். எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. மழை குறைந்த, பனைமரங்கள் நிறைந்த, கடலையும் கரும்பும் விளைகிற பூமி. பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தார்கள். நிலக்காரர் என்ற மரியாதையில் ஊரார் பெரியப்பாவைப் பெரிய பண்ணாடி என்றார்கள். அப்பா பெயரளவில்தான் சின்னப் பண்ணாடி. அண்ணன் உட்கார் என்றால் உட்காருவார், எழுந்திரு என்றால் எழுவார். வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்குச் சொந்தமான ஓட்டுக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதில்தான் ராவுத்தர் மாமா மளிகைக் கடை வைத்திருந்தார். அவருக்கு முன் அவர் அத்தா என்று அழைத்த தகப்பனார் அதே இடத்தில் வாடகைக்கு நடத்திய கடை அது. சுற்று வட்டாரத்தில் வேறு கடை கிடையாது.

ராவுத்தர் மாமாவைத் தேவதூதனாக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்கு முன்கோபம் அதிகம். புளிப் பானைக்குள் யாராவது கை விட்டால் தராசுத் தட்டைப் படீரென்று வைப்பார். ஜீரகம் வாங்க வந்தவளிடம், போன வாரம்தானே வாங்கினாய், அதற்குள் என்ன செய்தாய் என்று மாமியாரைப்போல விசாரிப்பார். ஆனால் சாவு வீடு என்றால், கேட்காமலேயே அரிசியும் விளக்கெண்ணெயும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். திட்டினாலும் ஜனங்கள் அங்கேதான் போனார்கள். திட்டு வாங்கியவர்களே அதை மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நிலச் சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுதவர்களுக்கே நிலம் என்றானது. எங்கள் குடும்பத்து வயல்களில் பாதிக்குமேல் உழுதவர்கள் பெயருக்குப் போயிற்று. கையில் நிலப் பட்டயத்தோடு வரப்பில் நடந்துபோன ஆட்களைப் பார்க்கப் பிடிக்காமல் பெரியப்பா தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்தினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிரே இருந்த கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். சட்டத்தை அவரால் அடிக்க முடியவில்லை. அடிக்கத் தோதாக எதிரே ஒரு மனிதர் இருந்தார்.

"நெலம் போயிருச்சு. நாளைக்கு இவனும் எனக்கு உரிமை இருக்குதுன்னு வில்லேஜ் ஆபீஸ்ல போய் நிப்பான். அதுக்குள்ள எறக்கிரோணும்" என்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். அப்போது நான் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்கும் நிலச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அப்பா கண்ணாலேயே அடக்கினார். பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை வேலை எதுவும் இல்லாமல் எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். கடையை அவருக்குக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது.

கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ராவுத்தர் மாமா நேரில் வந்து வாசலில் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. "ஏனுங்க பண்ணாடி, எங்க அத்தா காலத்துல இருந்து இங்கதானுங்க இருக்கறோம். நான் எங்கீங்க போவேன்? வேற எடம் பாக்கற வரைக்குமாவது பொறுத்துக்கோங்க" என்றார். பெரியப்பா வெற்றிலை மென்றார். சட்டப்படி வாடகைக்காரரை அப்படி எழுப்பிவிட முடியாது என்பது பெரியப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் வழக்குக்குப் போகாமல் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரம் அது. காலையில் மூன்று ஆட்கள் ஏணியோடு வந்து கடைக்கூரையில் ஏறினார்கள். ஓடெல்லாம் பழசாகிவிட்டது, மாற்றப் போகிறோம் என்று சொன்னார்கள். ராவுத்தர் மாமா ஓடி வந்து, "மழைக்கு முந்தி மேஞ்சிருவீங்கல்ல?" என்று கேட்டார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற பெரியப்பா தலையை ஆட்டினார். நல்லது நடப்பதாகவே நம்பி, ஆட்களுக்குத் தன் கடையிலிருந்தே பொரிகடலையும் வெல்லமும் கொடுத்தார் மாமா. உச்சிக்கு வெயில் வந்தபோது கடைசி ஓடும் இறங்கியது. ஆட்கள் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புது ஓட்டு வண்டி எதுவும் வரவில்லை. மழைதான் வந்தது.

வெல்ல மூட்டைகள்தான் முதலில் கரைந்தன. பழுப்பு நிறத் தண்ணீர் கடைப்படியிலிருந்து வழிந்து சாலைக்கு வந்தது. தெருநாய்கள் அதை நக்கின. மாமாவும் அவர் மனைவியும் சாக்குகளால் எதை எதையோ மூடினார்கள். டீக்கடையில் நின்றவர்கள் கையில் தம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவைத் தாண்டிப் போய் உதவ ஒருவருக்கும் துணிவில்லை.

என் அம்மா உள்ளேயிருந்து கடலை காயப்போடும் பெரிய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் கணவனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அவர் எதிரே நின்றதுகூட இல்லை. அன்று மழையில் நனைந்தபடி அவரைக் கடந்து போனாள். "உள்ள போ" என்றார் அவர். அம்மா நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம நெல்லு நனைஞ்சா ஓடிப்போய் மூடறமுங்கல்ல. அதுவும் நாலு பேரு திங்கற சோறுதானுங்க."

பெரியப்பா அவளிடம் பேசவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "உன்ற பொண்டாட்டிய ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ" என்றார். அப்பா மழையில் இறங்கிப் போனார். தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து விரிக்கத்தான் போகிறார் என்று ஒரு கணம் நான் நம்பினேன். அவர் அதை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, நடு ரோட்டில் நின்றே மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அப்பா பிற்பாடு எனக்கு எவ்வளவோ நல்லது செய்திருக்கிறார். அதையெல்லாம் நினைக்கும்போதும் அந்த மடிப்புத்தான் முன்னால் வந்து நிற்கிறது.

மழை விட்ட பிறகு ராவுத்தர் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கத்தவில்லை. "பேஞ்சது உங்க மழையில்லீங்க பண்ணாடி. அது மேல எனக்குக் கோவமில்லை. ஓட்டை எடுத்தது நீங்க. அதை நான் மறக்க மாட்டனுங்க" என்றார். அந்த வாரமே மிஞ்சிய சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு பாலக்காட்டு டவுனுக்குப் போய்விட்டார். வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அந்த வாயெல்லாம் அன்று டீக்கடையில்தான் இருந்தன.

கட்டிடத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டார்கள். டியூப் லைட், கண்ணாடி அலமாரி, மேசை மின்விசிறி. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, 'சூப்பர் மார்க்கெட்' என்று தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பலகை எழுதி மாட்டினார். சாமான்களை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் தோட்டத்து வேலைக்காரப் பெண்கள் எடுக்கப்போனால் மட்டும் "தொடாதே" என்ற குரல் வந்தது. அந்தக் கடைப் படியை மிதித்தால் செருப்பால் அடியுங்கள் என்று சபதம் செய்த டீக்கடைக்காரர்தான் முதல் மாதத்திலேயே சர்க்கரைக்காக அங்கே நின்றார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் போனார்கள். எனக்குப் பெரியப்பாமேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு ஊர்மேலும் வந்தது. அநியாயம் பழகிப்போக ஒரு தீபாவளிகூடத் தேவைப்படவில்லை.

அம்மா போகவில்லை. பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். மாப்பிள்ளை கடைப் பருப்பு வெந்த சட்டியில் கரண்டி வைக்கமாட்டேன் என்று சொல்லி, பின்கட்டில் தனியாக அடுப்பு மூட்டினாள். ஒரே வீட்டில் இரண்டு புகை எழுந்தது. "ராவுத்தன் உப்பு அத்தன ருசியாக்கும்" என்று பெரியப்பா காற்றைப் பார்த்துச் சொல்வார். அம்மாவும் காற்றைப் பார்த்து, "ஆமாங்க, ருசிதானுங்க" என்பாள். அன்று மழையில் உடைந்த, எதிரே நின்று பேசாத வழக்கம் அப்புறம் ஒட்டவே இல்லை. அப்பா எந்த அடுப்பில் எது வெந்தாலும் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மாப்பிள்ளைக்கு வியாபாரம் கைகூடவில்லை. சில வருஷங்களில் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடையைப் பொள்ளாச்சி வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியோடு திருப்பூருக்குப் போய்விட்டார். பலகையை மாற்றிய வியாபாரி, பெரியப்பாவைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்லவில்லை. காலி செய்யச் சொன்னபோது, "கோர்ட்டுக்குப் போங்க" என்றான். பெரியப்பா போனார். எந்த வாடகைச் சட்டத்துக்குப் பயந்து வழக்குக்குப் போகாமல் ராவுத்தர் மாமாவைத் துரத்தினாரோ அதே சட்டம் அவனைக் காப்பாற்றியது. மழைக்காலம் வந்துகொண்டுதான் இருந்தது. கான்கிரீட்டைப் பிரித்து அடுக்க முடியாது. அவர் சாகும்வரை வழக்கு முடியவில்லை. எல்லோரும் பாவம் என்றார்கள். நான் சொல்லவில்லை.

அதற்குப் பின் அந்த இடம் எத்தனையோ கை மாறிவிட்டது. இப்போது மாடிமேல் மாடி எழுந்து, குளிர்சாதனம் வைத்து, சீருடை போட்ட பிள்ளைகள் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். ஊருக்குப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ராவுத்தர் மாமாவை மறுபடி ஒரே ஒரு முறை பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பாலக்காட்டில் வேலை கிடைத்திருந்தது. பெரியப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. டவுனில் ஒரு குறுகிய தெருவில், ஒரு கதவு மட்டுமே உள்ள சின்னக் கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் சந்தோஷமாகப் படி ஏறினேன். என்னைப் பார்த்தால் அவரும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் அவர் பக்கம் நின்றவர்கள் அல்லவா?

கால் கிலோ மல்லி கேட்டேன். நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "மாமா, என்னைத் தெரியலையா?" என்றேன்.

"படி ஏறும்போதே தெரிஞ்சுது அம்மிணி."

பெரியப்பா இறந்துபோனதைச் சொன்னேன். "கேள்விப்பட்டனுங்க" என்றார். அம்மா உங்களை அடிக்கடி விசாரிப்பாள், இன்னும் அந்தக் கடையில் சாமான் வாங்குவதில்லை என்று சொன்னேன். அப்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அம்மாவுக்கு என்ற சலாமைச் சொல்லுங்க. அவங்க மகராசி. ஆனா நீங்க இனி இங்க வர வேண்டாமுங்க."

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க மேல குத்தமில்லை. மொகம் அப்படியே பெரிய பண்ணாடி மொகம். பாத்தா எனக்கு ஓடு எறங்குறதுதான் தெரியுது."

பஸ்ஸில் வழி முழுக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா பின்கட்டு அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். ராவுத்தர் மாமாவைப் பார்த்தேன், சலாம் சொன்னார் என்றேன். அவள் எழுந்து வந்து ஆவலோடு கேட்டாள், "அப்பறம்? வேறென்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்ன சொல்லியிருந்தாலும் அவரு சொன்னது சரிதான் சாமி" என்றாள்.