வாயிலிருந்து எடுத்த துண்டு

மகளுக்குப் பதினொரு மாதம். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு என்று மருத்துவர் சொன்னதிலிருந்து எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் அதில் இரும்பு எவ்வளவு இருக்கும் என்றுதான் என் புத்தி போகிறது. கீரையும் பருப்பும் மசித்துக் கொடுத்தால் துப்பிவிடுவாள்.

ஓகூஸ் நகரசபையான கொம்மூன் சேர்த்துவிட்ட தாய்மார் குழுவில் நாங்கள் நான்கு பேர். முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் மதியச் சாப்பாடு. அந்த வாரம் துறைமுகப் பக்கம் இருப்பவளின் முறை. வித்தெல்லோ தொன்னாத்தோ செய்வதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். இத்தாலிக்காரர் விருந்தின் தொடக்கத்தில் ஆறவைத்துப் பரிமாறும் இறைச்சி அது. அவித்த கன்றிறைச்சியை மெல்லியதாகச் சீவி, சூரைமீனும் முட்டையும் எண்ணெயும் அரைத்த வெள்ளைக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். போகும்போது பஸ்ஸில் தேடி வாசித்தேன். புரதம், இரும்பு, பி12. மகளுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது, எங்கள் வீட்டுக்குள் வராத மாட்டிறைச்சியில். உப்பும் அதிகமாம். முட்டை பச்சையென்றால் குழந்தைக்குக் கூடாது. மாடு சாப்பிடமாட்டோம் என்று முதல் சந்திப்பில் சொன்னேன்தான். யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? கூட வைக்கும் பாண் ரொட்டியை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது, உயர நாற்காலியில் மகள் மென்றுகொண்டிருந்தாள். முன்னால் சின்னத் தட்டு, முகமெல்லாம் வெள்ளைக் குழம்பு. அவள் அப்படி ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"பாருங்கோ, ஒரு குட்டி இத்தாலிக்காரி," என்று ஒருத்தி சிரித்தாள்.

ஓடிப்போய் விரலை விட்டு வாயிலிருந்ததைத் தோண்டி எடுத்தேன். மகள் வீரிட்டாள்.

வீட்டுக்காரி கோபப்படவில்லை. "அது கன்று இல்லை," என்றாள். "உனக்கும் அவளுக்கும் எண்டு வான்கோழியில தனியாச் செய்தனான். உப்புப் போடேல்லை. முட்டையும் அவிச்சது."

என் உள்ளங்கையில் அந்தத் துண்டு இருந்தது. வான்கோழியில் கன்றைவிட இரும்பு குறைவு என்பதும் அந்த நேரத்திலேயே மண்டைக்குள் ஓடியது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். மன்னிப்புக் கேட்டேன், போதாதென்று மறுபடியும் கேட்டேன். அவள் மிச்சத்தைப் பெட்டியில் போட்டுத் தந்தாள்.

பின்னேரம் கணவருக்குச் சொன்னேன். "மாடெண்டாலும், பிள்ளை திண்டதைத் தோண்டி எடுக்கலாமோ?" என்றார்.

பெட்டியைத் திறந்து ஒரு துண்டை நீட்டினேன். என் விரலைக் கண்டதும் மகள் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினாள். துண்டை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்திருந்தாள். பிறகு, கண்ணை என்னிடமிருந்து எடுக்காமலே, தானே எடுத்து வாயில் வைத்தாள்.