மாடிக் கொட்டகை

எங்கள் தெருவில் அவருக்கு டேப் என்று பெயர். வீட்டு வரி ஆபீசில் அளவெடுப்பவர். அளக்கும் டேப் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். யாராவது முகத்தைச் சுளித்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம்தான் அவரைக் கெடுத்தது.

மாடியில் கான்கிரீட் அறை கட்டினால் வரி உண்டு, தகரக் கொட்டகைக்குக் கிடையாது. சட்டம் அவ்வளவுதான். ஒரே வீட்டில் கீழே டேப், மேலே அவர் அண்ணன். அண்ணன் மாடியில் இரண்டு அறை கட்டி, டைல்ஸ் ஒட்டி, ஏசியும் மாட்டினார்.

"என்னடா, கூடப் பொறந்தவன் வீட்டையே அளக்கிறியா? கொட்டகைன்னு எழுதிட்டுப் போ."

எழுதினார். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "அண்ணனுக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயமா தம்பி?" என்றாள். அவள் அறையும் கொட்டகையானது. அப்புறமென்ன, தெரு முழுக்கக் கொட்டகைதான். என் வீட்டு மாடியிலும் கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடியோடு ஒரு கொட்டகை இருக்கிறது. நான் ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடம் ஓடுவது இந்த வரியில். டேப்பின் மனைவி அங்கே ஆறாம் வகுப்பு டீச்சர், என் மகள் அவளிடம்தான் படிக்கிறாள். வகுப்புக் கட்டடம் விரிசல் விட்டதும் இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்ட நகராட்சியில் பணம் கேட்டால், "உங்க பக்கம் வசூல் ரொம்பக் கம்மி, தகரக் கொட்டகைதான் போட முடியும்" என்று சொல்லிவிட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் தெருவே பொங்கியது. "நாங்க கட்டுற வரியெல்லாம் எங்க போகுது?" என்று தையல்கார அக்கா கத்தினாள். வெட்கமில்லாமல் நானும் கத்தினேன். பின்வரிசையில் டேப், திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அன்று சாயங்காலம் பேசியதெல்லாம் கேட்டது.

"தகரத்துக்குக் கீழ பிள்ளைங்க வெந்துபோயிடுங்க. எல்லாத்தையும் திருத்தி எழுதிடுங்களேன்."

"நம்ம வீட்டுல இருந்துல்ல ஆரம்பிக்கணும்? அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? இத்தனை நாள் எழுதினவன் யாருன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. என் வேலை போச்சுன்னா, உன் ஒருத்தி சம்பளத்துல என்ன பண்ணுறது?"

"எழுதாம விட்டா?"

மாடியில் அண்ணனின் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

கொட்டகை எழும்பியது. கட்டிய எதையும் அளந்து எழுத வேண்டும் என்பதால் டேப்பையே அனுப்பினார்கள். மகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போன நான் வாசலில் நின்றேன். உள்ளே அனல். டீச்சர் வியர்வையோடு வெளியே வந்து அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ரூமையெல்லாம் கொட்டகைன்னு எழுதுன கைதானே? இந்தக் கொட்டகையை மட்டும் ரூம்னு எழுதிடுங்களேன். பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கட்டும்."

நான் சிரிக்கப் போனேன். அவள் கண் கலங்கியிருந்தது.

டேப் குனிந்தபடியே "கொட்டகை" என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய கொட்டகைகளில் நிஜக் கொட்டகை அது ஒன்றுதான். என் மகள் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தாள்.