அக்கா அடுக்கி வைத்த வீடு

எங்கள் அக்கா புளியந்தீவில், இதே வீட்டில் பிறந்து, இதே வீட்டில்தான் கண்ணை மூடினார். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவருடைய சோலி சுரட்டுக்கும் போகாதவர். அவரோடு சண்டை பிடித்த ஒரே ஆள் அநேகமாகத் தம்பியாகிய நான்தான்.

அந்தச் சண்டை இந்த வீட்டால் வந்தது. அம்மப்பா இதை அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பாதி பாதியாகச் சீதனம் கொடுத்து, நடுவில் சுவர் எழுப்பினார். இரண்டு பக்கமும் இரண்டு மேசன்மார் தரை போட்டார்கள். பிறகு சின்னம்மா வெளிநாடு போகும்போது தன் பாதியை அக்காவின் சீதனத்துக்கு எழுதிக் கொடுத்தார். சுவரை இடிக்கப் போனால், கூரை வளைமரம் அதன் மேல்தான் இருந்தது. ஒரு தூணை மட்டும் மிச்சம் விட்டார்கள். இன்றும் ஹோலின் நட்டநடுவில் அந்தத் தூண் நிற்கிறது. அதற்கு அங்கால் தரை நாலு விரல் உயரம். அடுப்படிச் சுவர் வேறு வயிறு தள்ளி நிற்கும்.

அம்மாவுக்குக் கண்பார்வை முற்றாகப் போனதும், தூணை எடுத்துத் தரையை ஒரே மட்டமாக்குவோம் என்றேன். கட்டட வேலை என் தொழில். அக்கா சம்மதிக்கவில்லை.

"நீ எடுக்கச் சொல்றதெல்லாந்தான் இப்ப அம்மாக்குக் கண்," என்றார்.

எனக்குக் கோபம் வந்து இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா அந்த நாட்களில் கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்திருக்கிறார். காலெல்லாம் காயம். கட்டிலிலிருந்து தூண் வரை கை தொடும் உயரத்தில் வாங்குப் பலகையும் அலுமாரியும் வைத்தார். தரை உயரும் இடத்தில் தும்புக் கால்மிதி போட்டார். சுவரின் வயிறு முடியும் இடத்தில் தேயிலைத் தகரப் பேணி வைக்கப் பலகைத் தட்டு அடித்தார். சொந்த வீட்டில் கதிரையை இழுத்துப் போடவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று அக்காவின் கணவரான அத்தான் பகிடி பண்ணுவார். ஆனால் அம்மா ஒருவரையும் கூப்பிடாமல் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். நான் தோற்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்கா நோயில் விழுந்து, வருத்தம் முற்றிய பிறகும் ஹோலில் தனக்குக் கட்டில் போட விடவில்லை. பக்கத்து அறையிலேயே கிடந்தார்.

செத்த வீட்டன்று வழக்கம்போல ஹோலை வெறுமையாக்கினோம். முன்னுக்கு நின்று சாமான்களைத் தூக்கச் சொன்னவன் நான். ஒருவருக்கும் யோசனை வரவில்லை. அடுத்த நாள் காலை அம்மா தூணைப் பிடித்தபடி நின்றார். ஓரடி எடுத்து வைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண் இங்கால தள்ளு மனே. அவள் வச்ச இடம் இதில்ல."

மத்தியானம் வரை தள்ளினேன். பின்னேரம் அம்மா தனியே அடுப்படிக்குப் போனார்.

வைத்தியசாலையில் மாறி மாறி நின்றவர்கள், பந்தல் போட்ட அயலவர்கள், காத்தான்குடியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த அக்காவின் சிநேகிதி, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வரும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இடம் போதாவிட்டால் முற்றத்தில் இருங்கள். உள்ளே ஒரு கதிரையையும் அசைக்க வேண்டாம். அம்மா இன்னும் அக்காவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.